சார்ஜாவிலிருந்து வந்த பல்சக்கரம்

திருச்சுழி,
வெள்ளிக்கிழமை.

அன்புள்ள மச்சானுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

இறைவன் கிருபையில் நானும் மகள் சுமையாவும் சுகம். உங்கள் சுகத்தைக் கேட்க வேண்டியதில்லை, வெள்ளிக்கிழமைதோறும் போட்டோவில் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். போனில் கொஞ்சம் குரலை உயர்த்தினால் அறையில் ஆட்கள் இருக்கிறார்கள் என்று வைத்துவிடுகிறீர்கள். அதனால் லீவு முடிந்து அங்கே திரும்பும் தமீம் அன்சாரி தம்பியிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன். தனியாக உட்கார்ந்து படியுங்கள்.

இங்கே நல்ல மழை. நம் அருப்புக்கோட்டைத் துணிக்கடையில் வியாபாரம் சுமார்தான், நைட்டி மட்டும் நன்றாகப் போகிறது. சுமையா கணக்கில் தேறிவிட்டாள். உங்கள் அக்காவுக்கு மூட்டுவலி குறையவில்லை, வாய் மட்டும் நன்றாக இருக்கிறது.

அந்த வாயைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். தமீம் தம்பி லீவில் வந்த அன்று பெட்டி பிரிக்கிறோம் என்று தெரிந்ததும் வழக்கம்போல எல்லோரும் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். அடியில் பூப்போட்ட துண்டில் சுற்றிக் கயிறு கட்டிய பொட்டலம், ஒரு கையால் தூக்க முடியவில்லை. பக்கத்து வீட்டு மாரிக்கனி, “ஆசிபாவுக்குத்தான் என்னமோ வெயிட்டா அனுப்பியிருக்காக” என்றாள். எனக்கும் வாயெல்லாம் பல்லாகத்தான் இருந்தது. பிரித்தால் கிரீஸ் நாறும் இரண்டு இரும்புப் பல்சக்கரம். மாமா விட்டுப்போன நம் அம்பாசிடருக்குப் பின் அச்சில் போடும் கிரவுன் பினியன் என்றார் தம்பி. உங்கள் அக்கா சிரித்த சிரிப்பு இன்னும் காதில் கேட்கிறது. எனக்கென்று வாங்கிய அத்தரும் போர்வையும் எங்கே என்று கேட்டேன். “ஏர்போர்ட்டுல வெயிட்டு கூடிருச்சு மதினி. எதை எடுக்கன்னு அண்ணன்ட்ட கேட்டேன். கியரை மட்டும் எடுத்துராதன்னுட்டாக” என்றார். பாவம், அவர் என்ன செய்வார்!

மறுநாள் போனில் நான் வாயைத் திறக்கும் முன்பே நீங்கள் பிரவீணா மேடம் புராணம் ஆரம்பித்துவிட்டீர்கள். கோயம்புத்தூர்க்காரர், இன்ஜினியர், பழைய இங்கிலீஷ் காரில்தான் தினமும் ஆபீஸ் போகிறார், இந்தச் சாமானைத் தேடிப் பிடித்துக் கொடுத்ததே அவர்தான் என்றீர்கள். “எடுத்ததும் என்ன கேட்டாக தெரியுமா? தினமும் யாரு ஓட்டுறது, எந்த ரோடு, என்ன லோடுன்னு. அப்புறம்தான் பல்லுக் கணக்கே பேசினாக” என்று மெச்சிக்கொண்டீர்கள். என் பிரியாணியைக்கூட நீங்கள் அப்படி மெச்சியதில்லை. எனக்குப் பொறாமைதான் மச்சான், மறைக்கவில்லை. நீங்கள் வெள்ளிக்கிழமை அனுப்பும் போட்டோவில் அவர் பானெட்டைத் திறந்து குனிந்திருக்கிறார், நீங்கள் பக்கத்தில் டார்ச் பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள். இங்கே தண்ணீர் மோட்டார் ரிப்பேரானபோது எனக்கு டார்ச் பிடிக்கச் சொன்னதற்குக் கொட்டாவி விட்டவர் நீங்கள்.

சக்கரத்தைக் கதவுக்கு முட்டுக்கொடுத்து வைத்திருந்தேன். நீங்கள் விடாமல் கேட்கவே மெக்கானிக் மருதுபாண்டி ஷெட்டில் கொண்டுபோய் மாட்டினேன். பழையது எட்டுக்கு முப்பத்தொன்பது பல், இது பத்துக்கு நாற்பத்து மூன்று. “பழசு நல்லா இழுக்கும், ஓட்டம் வராது. இது ஓடும், ஆனா இழுவை கம்மிக்கா” என்றார் அவர். மாட்டி முடித்ததும் காரியாபட்டி வரை தார் ரோட்டில் ஓட்டிப் பார்த்தேன். உங்களிடம் சொல்லவே கூடாது என்றிருந்தேன். முன்பு ஐம்பதைத் தாண்டினாலே கத்துகிற வண்டி அறுபதில் சத்தமில்லாமல் போனது. பின்சீட்டில் சுமையா முணுமுணுத்த பாட்டு முழுதாகக் கேட்டது. அந்தப் பெண் சொன்னது சரிதான் என்று தெரிந்ததும் எனக்கு வயிற்றெரிச்சல் கூடிவிட்டது. தப்பாகச் சொல்லியிருந்தால் ஒரே நாளில் ஆறியிருக்கும்.

ஆனால் நான் தினமும் கடைக்குப் போவது அந்த ரோட்டிலா? போன வாரம் மழை விட்ட மறுநாள், பின்சீட்டில் நைட்டி மூட்டை, டிக்கி நிறையத் துண்டுக் கட்டு. கண்மாய்க்கரை ஏற்றத்தில் கரிசல் டயரில் அப்பிக்கொண்டு, முதல் கியரிலேயே வண்டி திணறி நின்றுவிட்டது. கிளட்ச் கருகிய நாற்றம். சுமையா பள்ளிச் சீருடையோடு சேற்றில் இறங்கி நின்றாள். ஆடு மேய்க்கிறவர்கள்தான் தள்ளிவிட்டார்கள். “எந்த மழையிலயும் ஏறுற வண்டியாச்சே தாயி, என்ன பண்ணுன?” என்றார் ஒருவர். சார்ஜாவில் ஒரு மேடம் சொன்னார்கள் என்றா பதில் சொல்ல முடியும்?

பழையதையே திரும்ப மாட்டிவிட்டேன். உங்களைக் கேட்கவில்லை. மருதுபாண்டி தயங்கி, “முஸாஃபர் பாய்ட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிருவமாக்கா?” என்றார். ஓட்டுவது நான் என்றேன். அப்புறம் அவர் ஸ்பேனரை எடுத்தார். புதியதைத் துடைத்து, கிரீஸ் தடவி, அதே துண்டில் சுற்றிக் கட்டிலுக்கடியில் வைத்திருக்கிறேன். லீவில் வந்தால் நீங்கள் பெட்டி வைக்கிற இடம்தான், சும்மாதானே கிடக்கிறது.

மச்சான், ஒன்று மட்டும் கேட்கிறேன். தினமும் யார் ஓட்டுவது என்று அவர் கேட்டாரே, நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள்? ‘நான்தான்’ என்றிருப்பீர்கள். லீவுக்கு வந்து மதுரை ரோட்டில் நண்பர்களோடு பறக்கிற உங்களுக்கு அவர் சொன்ன பல் சரிதான். அவர் மேல் ஒரு தப்பும் இல்லை, அதை எழுதத்தான் எனக்குக் கை வரவில்லை. மூட்டை ஏற்றிக்கொண்டு கரிசலில் ஓட்டுகிற ஒருத்தி இங்கே இருக்கிறாள் என்று அவரிடம் சொல்லியிருந்தால், தினமும் ஓட்டுகிற அவருக்குப் புரிந்திருக்கும். அடுத்த வெள்ளிக்கிழமை சொல்லுங்கள். ரோட்டைச் சொல்லுங்கள், லோடைச் சொல்லுங்கள், என் பெயரையும் சொல்லுங்கள். அதற்குப் பிறகு அவர் எந்தப் பல்லைப் போடச் சொன்னாலும் மறுபேச்சில்லாமல் போடுகிறேன்.

தம்பியிடம் ஆட்டுக்கறி உப்புக்கண்டம் கொடுத்திருக்கிறேன். வெயிலில் அலையாதீர்கள். சீக்கிரம் உங்களை இந்த வீட்டு வாசலில் கொண்டுவந்து சேர்க்கும்படி ஐந்து வேளையும் துஆ கேட்கிறேன். அந்த போட்டோவை மட்டும் இனி அனுப்ப வேண்டாம்.

இப்படிக்கு,
தினமும் வண்டி ஓட்டுகிற,
உங்கள் மனைவி ஆசிபா.