முந்திப் பூத்த லில்லி

சேசு மரி சூசை துணை

வெலிங்டன்,
தவக்காலம் நான்காம் வாரம், திங்கட்கிழமை

அன்பு மகள் ஜீவிதாவுக்கு, அம்மா ஆசையோடு எழுதுவது. நானும் அப்பாவும் சுகம். டப்ளினில் நீயும் மாப்பிள்ளையும் சுகமாயிருக்க தினமும் செபமாலையில் வேண்டிக்கொள்கிறோம். போனில் வயிற்றிலிருக்கும் பிள்ளையின் பேச்சை எடுத்தாலே டியூட்டிக்கு நேரமாச்சு என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தில் குறுக்கே பேச முடியாதல்லவா, அதனால்தான் எழுதுகிறேன்.

இங்கே பகலில் நல்ல வெயில், சாயங்காலமானால் பல் கிட்டுகிற குளிர். அப்பா இந்தத் தவக்காலத்துக்கு டீயை விட்டிருக்கிறார். தேயிலைக்கு நடுவே குடியிருந்துகொண்டு சுடுதண்ணீர் குடிக்கிறார். ஒருசந்தி நோன்பு அவருக்கு, பாடு எனக்கு. ஆனாலும் வெள்ளிக்கிழமைச் சிலுவைப் பாதைக்கு முழங்கால் வலி என்று ஒரு நாளும் சாக்குச் சொல்லவில்லை.

இதற்கு நடுவில் ஒரு கூத்து நடந்தது. நீ உண்டாகியிருப்பதாக டிசம்பரில் சொன்னாயே, மறுநாளே அப்பா எங்கிருந்தோ லில்லிக் கிழங்கு வாங்கி வந்து பழைய பெயிண்ட் டப்பாக்களில் ஊன்றினார். ஈஸ்டர் பூசைக்குப் பீடத்தில் வைக்க என்றார். உறைபனி விழுந்தபோதெல்லாம் என் நல்ல கம்பளியை டப்பாக்களுக்குப் போர்த்தினார். எனக்குக் கிழிந்ததுதான் கிடைத்தது.

மிலிட்டரி தோட்டத்தில் ஆயுசு முழுக்க மாலியாகச் செடி வளர்த்தவர், எந்தக் காலண்டரைப் பார்த்து ஈஸ்டருக்குப் பூக்கும் என்று கணக்குப் போட்டார் தெரியுமா? சுவரில் தொங்கிய பழைய காலண்டரை. புதுசு அப்போது வந்திருக்கவில்லை. போன வருஷம் ஈஸ்டர் மார்ச் கடைசியில், இந்த வருஷம் ஏப்ரல் இருபதில். ஈஸ்டர் இடம் மாறும் என்பதே அவருக்கு மறந்துபோயிருக்கிறது. பாதித் தவக்காலத்திலேயே மொட்டெல்லாம் வெடிக்கத் தொடங்கிவிட்டது. தவக்காலத்தில் பீடத்தில் பூ வைக்கக் கூடாதல்லவா! மனிதர் டப்பாக்களைத் தூக்கிக்கொண்டு வெயில் படாத பக்கமாக வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தார். சிலோனிலிருந்து திரும்பி வந்தவர்களின் லைன் வீட்டில் இருக்கும் வேலாயி, "பூ பூத்ததுக்கு யாராச்சும் எழவு காப்பாங்களாண்ணே" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

நானும் சிரித்தேன். அப்பா சிரிக்கவில்லை. "நேந்துகிட்டது தவறிப்போச்சு, புள்ளைக்கு ஏதாச்சும் ஆயிருமோ" என்றார். அது உனக்கான நேர்ச்சை என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

அவரைப் பங்குச் சாமியாரிடம் இழுத்துக்கொண்டு போனேன். சாமியார் சிரித்துவிட்டார். வருகிற ஞாயிறு மகிழ்ச்சி ஞாயிறு, அன்றைக்குப் பீடத்தில் பூ வைக்கலாம், அதற்காகத்தான் அன்று தவக்கால ஊதாவை விட்டு ரோஜா நிறத்தில் பூசை உடை போடுகிறேன் என்றார். இத்தனை வருஷமாக நான் அதைச் சாயம் போன ஊதா என்றல்லவா நினைத்திருந்தேன்! சிஸ்டர்கள் துவைக்கிற லட்சணம் இதுதான் என்று மனசுக்குள் குறை வேறு சொல்லியிருக்கிறேன்.

நேற்றுப் பூசையில் கடைசி பெஞ்சு வரை லில்லி வாசம். முன்னால் இன்னும் சிலுவையும் கல்லறையும் இருக்கின்றன, ஆனாலும் பாதி வழியிலேயே சந்தோஷப்படுங்கள் என்கிறது திருச்சபை என்று சாமியார் பிரசங்கம் வைத்தார். முடிவில், பூ கொடுத்தவர் என்ன வேண்டுதலுக்காகக் கொடுத்தார் என்று கேட்டார். உன் அப்பா எழுந்து நின்று, "எம் மகளுக்கும் பேரப்புள்ளைக்குமுங்க சாமி, இப்ப அஞ்சாம் மாசமுங்க" என்று சொல்லிவிட்டார். யாரிடமும் சொல்லாதே என்றாய், இப்போது வெலிங்டனுக்கே தெரியும். திட்டுவதானால் அவரைத் திட்டு. வேலாயிகூட மாரியம்மனுக்கு மஞ்சள் துணியில் காசு முடிந்துவிட்டாள்.

போன முறை ஐந்தாம் மாதத்தில்தான் அந்தப் பிள்ளையைப் பறிகொடுத்தோம். அதை நான் மறக்கவில்லை. நீ கோயிலுக்குப் போவதில்லை என்று மாப்பிள்ளை சொன்னார், அதற்கும் நான் கோபப்படவில்லை. நானும் மாதாவோடு மாதக்கணக்கில் பேசாமல் இருந்தவள்தான். இந்த முறை எல்லாம் நல்லபடி முடியும் என்று எழுதித்தர எனக்கு அதிகாரமில்லை. கடவுளை நம்புகிறேன், அவ்வளவுதான். ஆனால் பிறக்கட்டும், அப்புறம் சந்தோஷப்படலாம் என்கிறாயே, அது வேண்டாம் கண்ணு. இந்தப் பிள்ளை இன்றைக்கும் உன்னோடுதானே இருக்கிறது. இன்றைக்கே கொஞ்சம் சந்தோஷப்படு.

வேளைக்குச் சாப்பிடு. இராத்திரி டியூட்டி வேண்டாமென்று கேட்டுப் பார். உன் தலையில் கை வைத்து ஆசீர்வதிக்க எனக்குக் கை எட்டவில்லை, அதனால் கீழே இரண்டு சிலுவை வரைந்திருக்கிறேன். பெரியது உன் நெற்றிக்கு. சின்னதை எங்கே வைத்துக்கொள்ள வேண்டும் என்று உனக்கே தெரியும்.

உங்கள் எல்லாருக்கும் முத்தங்களுடன்,
அம்மா ரெஜினா

✚ +