பெடல் காருக்காகச் சொன்ன பொய்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், அங்கே நீயும் அப்படியே இருக்க வேண்டும், போன வாரம் பேசும்போது இருமினாயே, அது விட்டதா என்று எழுது. வாரம் தவறாமல் பேசுகிறோமே, இவளுக்குக் கடிதம் எதற்கு என்று நினைப்பாய். இரண்டு அறை வீட்டில் அப்பாவுக்குத் தெரியாமல் உன்னிடம் ஒரு விஷயம் சொல்ல வேண்டுமென்றால் இதுதான் வழி. நான் வேலை செய்கிற லாண்டரியில் மதியச் சாப்பாட்டு நேரத்தில், விரிப்பு மடிக்கிற மேஜையில் வைத்து மூன்று நாளாக எழுதுகிறேன், நடுவில் பேனா மாறியிருக்கும், கண்டுகொள்ளாதே. பயப்படும்படி ஒன்றுமில்லை. ஆனால் சுற்றி வளைத்துச் சொல்லவும் எனக்குத் தெரியாது. போன மாதம் உன் அப்பா ஒரு பெண்ணிடம் நீ இறந்துவிட்டாய் என்று சொல்லிவிட்டார். பக்கத்தில் நின்ற நானும் ஆமாம் என்று தலையாட்டினேன். வேறு யார் மூலமாவது இது உன் காதுக்கு வருவதற்கு முன்னால் நானே சொல்லிவிட வேண்டும், அதற்குத்தான் இந்தக் கடிதம்.

எல்லாம் அந்த டிவி நிகழ்ச்சியால் வந்தது. பழைய பொருள்களைப் பழுது பார்த்துக் கொடுப்பார்களே, அதுதான், நீ வேலை செய்கிற முதியோர் இல்லத்திலும் சாயங்காலம் எல்லோரும் அந்த மாதிரி ஒன்றைத்தான் பார்க்கிறார்கள் என்று நீகூடச் சொன்னாய். ஒருவர் உடைந்த எதையாவது தூக்கிக்கொண்டு வருவார், நடத்துகிற அம்மாள் அவரை உட்கார வைத்து இது யாருடையது என்று கேட்பாள், அவர் சொல்லுவார், ஏப்ரன் கட்டியவர்கள் வாரக்கணக்கில் சுரண்டி, ஒட்டி, வர்ணம் பூசுவார்கள், கடைசியில் மேலே மூடிய துணியை விலக்கினால் அவர் அழுவார். அப்பா வேலையிலிருந்து நின்ற இந்த மூன்று வருடத்தில் ஒரு நாள் விட்டதில்லை. எனக்கோ அதைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். ஒரு கரடி பொம்மையின் காதைத் தைக்க ஒரு மனிதன் மூன்று நாள் எடுத்துக்கொள்கிறான், அவன் முதுகுக்குப் பின்னால் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க ஒரு ஃபோர்மேன் கிடையாது. உன் அப்பா பஸ் பாடி கட்டிய பட்டறையில் ஒரு பஸ்ஸின் ஒரு பக்கத்தை இரண்டே நாளில் தகரம் அடித்து மூட வேண்டும், மூத்திரத்துக்குப் போனால்கூட நேரம் குறிப்பார்கள். பழையதைப் பத்திரமாக வைக்க முதலில் வீட்டில் ஒரு அறை அதிகமாக இருக்க வேண்டும். நம் மாதிரி வீடுகளில் பொருள் பழையதாவதில்லை, தீர்ந்துபோகிறது. உன் பள்ளிக்கூடச் சட்டை தலையணை உறையாகி, பிறகு அடுப்படித் துணியாகி, கடைசியில் பட்டறையில் கிரீஸ் துடைத்து முடிந்தது. அதைக் கொண்டுபோய் யாரிடம் காட்டி அழுவது என்று கேட்பேன். வாயை மூடிக்கிட்டு அந்த ஆளோட கையைப் பாரு என்பார்.

அப்படியிருக்க, அந்த நிகழ்ச்சிக்காரர்கள் நம் ஊருக்கே வந்து பொருள் பார்த்து எடுக்கப் போகிறார்கள் என்று அறிவிப்பு வந்தது. மறுநாள் காலை எழுந்து பார்த்தால் அப்பா மொட்டை மாடியில் இருக்கிறார். தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் உன் பெடல் கார் கிடந்தது ஞாபகம் இருக்கிறதா, பட்டறையில் பஸ்ஸுக்கு வெட்டி மிஞ்சிய தகரத்தில் உன் ஐந்தாவது வயதுக்கு அப்பா செய்தது, தாழ்வாரத்தில் மிதித்து ஓட்டிக்கொண்டு போய்க் கீழ்வீட்டுக்காரர் கணுக்காலில் இடித்து அவர் ஒரு வாரம் நொண்டினாரே, அதே கார்தான். பச்சை வர்ணம் முழுக்க உரிந்து, ஒரு சக்கரம் கழன்று, இருக்கையில் நான் துவைக்கிற சோப்பு டப்பாவை வைத்திருந்தேன். அதைத் துடைத்துக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தார். உங்களுக்கு இது ரெண்டு நாள் வேலை, செஞ்சவரே நீங்கதான், இதை எதுக்கு இன்னொருத்தன்கிட்ட கொண்டுபோறீங்க என்று கேட்டேன். முடிச்சை இறுக்கிக்கொண்டே, நான் சரிபண்ணினா யாரு பார்ப்பா என்றார். வயதான காலத்தில் டிவியில் முகம் வரவேண்டும் என்று ஆசை வந்துவிட்டது போல என்று நான் நினைத்தேன். சாமான் ஏற்றுகிற வண்டி ஒன்றைப் பிடித்து இரண்டு பேரும் போனோம்.

விளையாட்டு அரங்கில் வரிசை வாசலைத் தாண்டி சைக்கிள் நிறுத்துமிடம் வரைக்கும் நின்றது. எங்களுக்கு முன்னால் ஒரு அம்மாள் சுவர்க்கடிகாரம் வைத்திருந்தாள். அவள் முறை வந்ததும் இதற்குப் பின்னால் என்ன கதை என்று கேட்டார்கள். கதையெல்லாம் இல்ல, ஓடினா போதும் என்றாள். நன்றி சொல்லி அனுப்பிவிட்டார்கள், நின்ற வாக்கிலேயே. அடுத்தவர் இறந்துபோன மனைவியின் தையல் பெட்டியைக் கொண்டுவந்திருந்தார். அவருக்கு நாற்காலி வந்தது, தண்ணீர் வந்தது, கேட்ட பெண் பேனாவை வைத்துவிட்டு அவர் முகத்தையே பார்த்தாள். அப்பா இரண்டையும் பார்த்துக்கொண்டு நின்றார். எங்கள் முறை வந்தது. உன் வயதுதான் இருக்கும் அந்தப் பெண்ணுக்கு, கழுத்தில் அட்டை மாட்டியிருந்தாள். யாரோட கார் இது என்றாள், என் மகளோடது என்றார். அவங்க இப்போ என்ன செய்றாங்க என்றாள். அப்பா ஒரு நொடி கார்மேல் வைத்த கையைப் பார்த்தார், பிறகு, “இறந்துட்டாம்மா” என்றார். எத்தனை வயதில் என்று கேட்டதற்கு இருபத்தாறு என்றார், நீ விமானம் ஏறிய வயது.

நாற்காலி வந்தது. அதற்குப் பிறகு கால்மணி நேரம் உன் அப்பா பேசினார். என்னோடு குடும்பம் நடத்திய இத்தனை வருடத்தில் அப்படி ஒரே மூச்சில் பேசி நான் கேட்டதில்லை. அந்தக் காரைச் செய்ய இருபத்திரண்டு நாள் மதியச் சாப்பாட்டை விட்டதைச் சொன்னார், ஃபோர்மேன் வந்தால் பஸ் சீட்டுக்கு அடியில் ஒளித்து வைத்ததைச் சொன்னார். உனக்குக் காய்ச்சல் வந்தபோது கட்டிலில் படுக்கமாட்டேன் என்று அடம்பிடித்துக் காருக்குள்ளேயே மடங்கித் தூங்கினாயாம், ராத்திரி முழுக்க ஒரு கையால் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாராம். நான் அன்று இரவு ஷிஃப்ட், எனக்கு இது தெரியாது. பிறகு ஒன்று சொன்னார். நீ கிளம்பிய அன்று ஓவர்டைம் என்று சொல்லி வழியனுப்ப வராமல் இருந்துவிட்டாரே, அன்று ஓவர்டைமே இல்லையாம். பெயிண்ட் வைக்கிற அறையில் டின்மேல் உட்கார்ந்திருந்தாராம், விமானம் போயிருக்கும் என்று தெரிந்த பிறகு எழுந்து வீட்டுக்கு வந்தாராம். ஏழு வருடமாக நீ அதை மனதில் வைத்திருப்பது எனக்குத் தெரியும், வாயைத் திறந்து நீ கேட்டதில்லை. அவர் சொன்னதில் பொய் ஒரே ஒரு வார்த்தை, மற்றதெல்லாம் நான் கேட்டே இராத நிஜம். அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பி, அம்மா உங்களுக்கும் கஷ்டமா இருக்கும்ல என்றாள். அப்போதாவது நான் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் அந்த மனிதரை நாற்காலியிலிருந்து எழுப்பிவிடுவார்களே என்று தோன்றியது. தலையாட்டினேன். என்னைத் திட்டுவதானால் திட்டிக்கொள், அது என் தப்பு, அவருடையது இல்லை.

எங்களைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். காரை வேறொரு நாள் வீட்டுக்கே வந்து படம் பிடித்து எடுத்துப்போவோம் என்றார்கள். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை உன் போன் மணி அடித்ததும் மொட்டை மாடிக்குப் போய்விட்டார், நீ வைத்த பிறகுதான் இறங்கி வந்தார். வந்து, குரல் எப்படியிருக்கு, நல்லாத்தானே இருக்கா என்று கேட்டார். அடுத்தடுத்த வாரங்களும் அப்படியே. போன வாரம் நீ இருமினாய் என்று சொன்னேன், அவ்வளவுதான், அன்று சாப்பாட்டுத் தட்டில் கை வைக்கவில்லை. தன் வாயால் சொன்னது பலித்துவிடுமோ என்று பயம். உன்னிடம் நான் அப்பா குளிக்கிறார், குளிக்கிறார் என்று சொல்லிக்கொண்டிருந்தேன், நாலு வாரமா அப்பா குளிச்சுக்கிட்டே இருக்காரா, தண்ணிக்குள்ளயே குடியேறிட்டாரா என்று நீ சிரித்தாய், எனக்குச் சிரிப்பு வரவில்லை.

போன வாரம் லாண்டரியிலிருந்து, அரங்கில் எங்களிடம் கேள்வி கேட்ட அந்தப் பெண்ணுக்கு நானே போன் செய்தேன். என் மகள் உயிரோடு இருக்கிறாள், நாங்கள் சொன்னது பொய், மன்னித்துவிடு என்றேன். கோபப்படுவாள் என்று நினைத்தேன். ரொம்ப சந்தோஷம்மா என்றாள், மனதாரத்தான் சொன்னாள். பிறகு குரல் மாறியது. அவங்க வர முடியுமாம்மா, அப்பாவுக்குச் சொல்லாம, துணியை விலக்கினா காருக்குப் பக்கத்துல அவங்க நிக்கிற மாதிரி வைக்கலாம் என்றாள். யாரோ பெற்ற அப்பாக்களையும் அம்மாக்களையும் இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்கிற வேலை என் மகளுக்கு, சேர்ந்தாற்போல நாலு நாள் விடுமுறை கேட்டாலே முகத்தைச் சுளிக்கிறார்கள், உங்கள் துணிக்கு அடியில் நிற்க அவள் எங்கிருந்து வருவாள் என்று கேட்டேன். அப்படின்னா ஒரு வீடியோ அனுப்புவாங்களா, கொஞ்சம் அழுதாங்கன்னா நல்லாயிருக்கும் என்றாள். எனக்குக் கோபம் உச்சந்தலை வரைக்கும் ஏறியது. எங்கள் பெயரை அடித்துவிடு என்றேன். அவளையும் சொல்லிக் குற்றமில்லை. ஒவ்வொரு வாரமும் அழுகை வேண்டும் என்று மேலே ஒருவன் கேட்கிறானாம், இல்லையென்றால் அடுத்த மாதம் அவளுக்கு வேலை இல்லையாம். நின்றுகொண்டே வேலை செய்கிறவள்தான் அவளும்.

அன்று சாயங்காலம் அப்பாவிடம் சொன்னேன். தப்பித்தோம் என்று பெருமூச்சு விடுவார் என்று பார்த்தால், கூடத்தில் பாதியை அடைத்துக்கொண்டு கிடக்கிற அந்தக் காரையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். பிறகு சொன்னார், “செத்துட்டான்னு சொன்னாத்தான் உட்காரச் சொல்றாங்க. உயிரோட இருக்கிறவளைப் பத்தி யாரு கேட்கிறா?” முப்பத்தெட்டு வருடம் வேலை செய்த இடத்தில் அவரிடம் கேட்கப்பட்ட கேள்வி முடிஞ்சுதா, முடியலையா என்பது ஒன்றுதான். வீட்டில் நான் கேட்டதெல்லாம் கேஸ் வந்ததா, தண்ணீர் பிடித்தீர்களா. உடைந்தது புதிதாவதைப் பார்க்கத்தான் ஜனங்கள் அந்த நிகழ்ச்சி முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று இவ்வளவு நாள் நினைத்தேன். அவர் பார்த்தது அதை இல்லை. ஒருவரை உட்கார வைத்து, இது யாருடையது, அவர் எப்படி என்று கேட்டுவிட்டு, பதில் முடியும்வரை ஒருவர் வாயைத் திறக்காமல் இருக்கிறாரே, அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குப் போய் மகளைக் கொல்ல வேண்டியிருக்கிறது பார்.

இதையும் சொல்லிவிடுகிறேன், நீ கவலைப்படுவாய் என்று இத்தனை நாள் மறைத்தோம். தகரம் தட்டித் தட்டி அவருக்கு இடது காது சுத்தமாகக் கேட்காது, வலதிலும் பாதிதான். போனைக் கொடுத்தால் நல்லாயிருக்கேன், அம்மாகிட்ட பேசு என்று திருப்பிக் கொடுத்துவிடுவாரே, அது பாசம் இல்லாமல் இல்லை, நீ பேசுவது பாதி விழாது, திரும்பக் கேட்க வெட்கம். அதனால் இந்தக் கடிதம் கைக்கு வந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை, அப்பாவைக் கூப்பிடு என்று பிடிவாதமாகச் சொல். மாடியிலிருந்து நான் இழுத்துக்கொண்டு வருகிறேன், போனை வலது காதில் வைப்பது என் பொறுப்பு. நீ நிறுத்தி நிறுத்திப் பேசு. உடம்பு எப்படியிருக்கு என்று மட்டும் கேட்காதே, அதற்கு அவரிடம் ஒரே பதில்தான். மெஷின் இல்லாமல் அந்தக் காரின் முன்பக்கத்தை எப்படி அவ்வளவு வளைவாகக் கொண்டுவந்தார் என்று கேள். மணல் மூட்டை, மரச் சுத்தியல் என்று ஆரம்பிப்பார், நடுவில் பேசாதே. உனக்கு ஷிஃப்ட் இல்லாத நேரமாகப் பார்த்துக் கேள், மணியைப் பார்த்துக்கொண்டு கேட்கிற கேள்வி அவருக்கு வேண்டாம், அது போதும் போதும் என்கிற அளவுக்கு இருந்துவிட்டது.

மற்றபடி, ஆட்களைத் தூக்கும்போது முதுகை வளைக்காமல் முட்டியை மடக்கு, ஈரமான ஷூவோடு நாளெல்லாம் நிற்காதே, ஒரு வேளையாவது உட்கார்ந்து சாப்பிடு. நீ நூறு வயது நன்றாக இருப்பாய், அப்பா சொன்ன அந்த ஒரு வார்த்தைக்கும் சேர்த்து நான் இரண்டு மடங்காக உன்னை வாழ்த்துகிறேன். நான் எழுதினேன் என்று அவரிடம் காட்டிக்கொள்ளாதே. ஆனால் பேச ஆரம்பித்தால் அவருக்கு மனதில் எதுவும் தங்காது, பெயிண்ட் அறையையும் சொல்லுவார், உன்னைச் சாகடித்ததையும் சொல்லிவிடுவார். அப்போது சிரித்துவிடாதே, அழுதும் விடாதே, பரவாயில்லைப்பா என்று சொல்லி முடித்தும் விடாதே. அடுத்த கேள்வியைக் கேள்.

இப்படிக்கு,
உன்னைச் சுமந்தவளும் அன்று தலையாட்டியவளுமான
அம்மா