அம்மா, அது திருநீறு இல்லை

என்னைப் பெற்ற அம்மாவுக்கு,

நீ போன பிறகு நம் தோட்டத்து லயத்து வீட்டுக்காரர்கள் உன்னைச் சாமியாக்கிவிட்டார்கள். ரப்பர் மரத்தடியில் ஒரு கல்லை நட்டு, மஞ்சள் துணி சுற்றி, வெள்ளிக்கிழமைதோறும் கற்பூரம் காட்டுகிறார்கள். உயிரோடு கிடந்தபோது உனக்கு ஒரு வாய் கஞ்சி கொடுக்காத கூட்டம் இப்போது பொங்கல் வைக்கிறது. உனக்குச் சிரிப்பு வருகிறதா?

முகம் வீங்கி, உடம்பெல்லாம் அரித்து, உன் முழங்கையிலும் விரல்களிலும் கல் மாதிரிக் கட்டிகள் எழுந்தபோது அதைக் குஷ்டம் என்றார்கள். கங்காணி மனைவி நம் வாசலைத் தாண்டும்போது மூக்கைப் பொத்திக்கொள்வாள். பிறகு ஒரு கட்டி உடைந்தது. சீழ் வரவில்லை. குழைத்த சுண்ணாம்பு போல வெள்ளையாக ஏதோ வந்து, காய்ந்து பொடியானது. பூசாரி அதைத் தொட்டுப் பார்த்து, "திருநீறு" என்றார். அவ்வளவுதான். அன்று மாலையே கங்காணி மனைவி தட்டோடு வந்து நின்றாள்.

"ஆத்தா, எனக்குக் கொஞ்சம் குடு தாயி."

"நேத்து வரைக்கும் குஷ்டக்காரி, இன்னிக்குத் தாயியா? நல்லா சொறிஞ்சு விடு, கொட்டும்" என்றாய் நீ. அதையும் அருள்வாக்கு என்று நினைத்து அவள் உன் கையைச் சொறிந்துவிட்டாள்.

தோட்டத்து மருந்து வீட்டு டிரஸர் உன்னை ஜொகூர் பாரு பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பச் சொன்னார். ஆத்தாளை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினால் தோட்டமே அழியும் என்று கங்காணி அவரைத் துரத்தினார். அப்பா கங்காணி பக்கம் போய் நின்றுகொண்டார். எனக்கோ நாலு பேர் முன்னால் நாக்கு ஒட்டிக்கொள்ளும், உனக்குத் தெரியும். உனக்கு நினைவு தப்பிய பிறகுதான் லாரி வந்தது.

அங்கே டாக்டர் சொன்னதை இப்போதாவது கேள். உன் குண்டிக்காய் இரண்டும் வேலை செய்யவில்லையாம். மூத்திரத்தோடு போக வேண்டியதெல்லாம் இரத்தத்திலேயே தங்கி, சுண்ணாம்புச் சத்து சதையில் படிந்து இறுகிவிட்டதாம். இதை அப்பாவிடம் சொன்னேன். "சாமி விசயம் டாக்டருக்கு என்னா தெரியும்?" என்றார்.

உன் காரியம் முடிந்ததும் என்னைப் பிடித்தார்கள். மகளுக்கும் அருள் இறங்குமாம். சந்தையில் கோழி வாங்குகிறவளைப் போலக் கங்காணி மனைவி என் முழங்கையை அமுக்கி அமுக்கிக் கட்டி தேடினாள். போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை உன் கல்லருகே என்னை உட்கார வைத்தார்கள். "சும்மா உக்காரு லா, உன்னை என்னா மரமா வெட்டச் சொல்றாங்க?" என்றார் அப்பா.

அப்போதுதான் எதிர்வீட்டுச் செல்லம்மாளைத் தூக்கி வந்தார்கள். உன்னோடு பாலெடுக்க மரம் வெட்டப் போவாளே, அவளேதான். கண் திறக்க முடியாமல் முகம் வீங்கியிருந்தது. கால்கள் தூண் மாதிரி. டிரஸர் அவளையும் லாரியில் ஏறச் சொல்லியிருந்தார். திருநீறு பூசினால் போதும் என்றது கூட்டம்.

என் சொல்லை யார் கேட்பார்கள்? அதனால் தலையை விரித்துப் போட்டு ஆடினேன். "இவள லாரியில ஏத்துடா. இன்னிக்கே ஏத்து. டாக்டர் ஊசி போட்டாத்தான் என் மனசு குளிரும்."

"உத்தரவு தாயே" என்று கங்காணி கைகட்டி நின்றார். உனக்காகக் கெஞ்சிய டிரஸரைத் துரத்திய அதே வாய். லாரி கிளம்பும் வரை ஆடிக்கொண்டே இருந்தேன்; நிறுத்தினால் அவளை இறக்கிவிடுவார்கள்.

ஒரு கூத்தில் முடிகிற காரியத்துக்கா அம்மா நீ செத்தாய்?

செல்லம்மாள் நேற்று திரும்பிவிட்டாள். ஆஸ்பத்திரியில் உப்பில்லாத சோறு என்று திட்டிக்கொண்டே நடந்து வீட்டுக்குள் போனாள். கூட்டம் உன் கல்லுக்கு ஆடு வெட்டப் போகிறது. டாக்டரைப் பற்றி ஒருவர்கூடப் பேசவில்லை.

ஆகவே இதைப் பத்திரிகைக்கு அனுப்புகிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவளுக்கு இவ்வளவு எழுத வந்ததே போதும். லாயாங் லாயாங் டவுனுக்குப் போகும் டிரஸர் தபாலில் சேர்த்துவிடுவார். தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி ஞாயிற்றுக்கிழமைகளில் எல்லோருக்கும் பத்திரிகையை உரக்கப் படித்துக் காட்டுவார். ஆடியது ஆத்தாள் இல்லை, நான்தான் என்று அன்று எல்லோரும் கேட்பார்கள். நம்ப மாட்டார்கள். ஆத்தாள் நம்மைச் சோதிக்கிறாள் என்பார்கள். இவர்களிடம் வேறென்ன எதிர்பார்ப்பது?

ஆனாலும் கிராணி படிக்கும்போது நான் கதவுக்குப் பின்னால் ஒளிய மாட்டேன். முன்னால் வந்து, தலையை முடிந்துகொண்டு, "எழுதுனது நான்தான்" என்று என் குரலிலேயே சொல்வேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

சாமிக்கு அல்ல, மனுசிக்குப் பிறந்த மகள்,
ராசாத்தி