பேக்கிங் ஓரத்தில் ஒரு சீறல்

அண்ணே,

சாயங்காலம் பெட்ரோலில் ஓடும் உன் பழைய லாரியை என் வீட்டுக்காரர் ஸ்டார்ட் செய்தார். நீ போன பிறகு அவ்வப்போது அவர்தான் அதை ஓடவிடுகிறார். தெருவிலிருந்து பெட்ரோல் வாசம் வந்தபோது, தாய்மாமன் முகம் பார்க்காத உன் மருமகள் என் மடியில் வீறிட்டுக்கொண்டிருந்தாள். மூன்று மாதம்தான் ஆகிறது. காலையிலிருந்து பால் குடிக்கவில்லை. இரண்டு வாய் இழுப்பாள், விட்டுவிட்டு அழுவாள். பக்கம் மாற்றிப் படுக்கவைத்தேன். பால் பவுடர் கரைத்தேன். அது கெட்டியோ என்று இன்னொன்று கரைத்தேன்.

அந்த வாசத்தில்தான் நம் ஒத்தக்கடை வீட்டு வாசல் ஞாபகம் வந்தது. பூசை முடிந்து வந்த ஞாயிற்றுக்கிழமை. லாரியில் காற்றையும் பெட்ரோலையும் கலக்கும் பழைய கார்புரேட்டர் தேய்ந்துபோனதால் வேறு கம்பெனியுடையதை வாங்கி வந்திருந்தாய். போல்ட் துளைகள் எஞ்சினோடு சேரவில்லை. நடுவில் ஒரு தகடு கொடுத்து, இடுக்கில் காற்று புகாதபடி அட்டையில் பேக்கிங் வெட்டி வைத்து முடுக்கினாய். உனக்கு ஒரு காது மந்தம். அதனால் எஞ்சின் சத்தம் கேட்டுச் சொல்ல டிரைவர் சீட்டில் நான்.

"மிதிக்காம விட்டா ஸ்லோவுல நிக்குதா?"

"இல்லண்ணே, கத்துது."

பெட்ரோல் அளவை மாற்றும் ஸ்க்ரூவைத் திருகினாய். "இப்ப?"

"செத்துருச்சு."

"இம்புட்டுப் படிச்சிருக்க, நல்ல வார்த்தையே வாயில வராதா?"

மத்தியானம் வரை அதே திருகல்தான். அலுத்துப்போய் இறங்கி, பானெட்டுக்குள் குனிந்தேன்.

"அண்ணே, பாம்பு மாதிரி என்னமோ சீறுது."

சிரித்தாய். ஆனாலும் நான் காட்டிய இடத்தில், பேக்கிங் ஓரத்தில், கிரீஸை அப்பினாய். எஞ்சினின் கத்தல் சட்டென்று அடங்கி, சீராக ஓடியது. தலையில் அடித்துக்கொண்டாய்.

"காத்து போற வழியப் பாக்காம, அளவ மாத்திக்கிட்டே கெடந்திருக்கோம் பாரு!"

மூன்றாவது பாட்டிலைக் கலக்கப்போன கையை நிறுத்தினேன். பாப்பாவின் முகத்தருகே காதை வைத்தேன். மூக்கில் மெல்லிய சீறல். மூக்கும் அடைத்து, வாய் நிறையப் பாலும் இருந்தால் அவள் எப்படி மூச்சு விடுவாள்? டாக்டர் முன்பே கொடுத்திருந்த உப்புத்தண்ணீர்ச் சொட்டை மூக்கில் விட்டு, துடைத்து, நிமிர்த்திப் பிடித்திருந்தேன். பிறகு மார்பில் சேர்த்தேன். குடித்தாள் அண்ணே. விடாமல் குடித்தாள்.

தெருவில் உன் லாரி ஸ்லோவில் சீராக ஓடிக்கொண்டிருந்தது. "அணைச்சுறவா?" என்று வீட்டுக்காரர் கேட்டார்.

"இவ குடிச்சு முடிக்கட்டும்," என்றேன்.