தம்பி கையிலிருந்த எடைக்கல்

அன்பு மகளுக்கு,

உடம்பளவில் நாங்கள் மூவரும் நலம். நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்கிறாய் என்று நினைத்துக்கொள்கிறேன். மற்றபடி நலம் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்து மாடி ஏறுகிறாள், ஆனால் ஐந்து நாளாக என்னோடு பேச்சு இல்லை. போனில் எல்லாம் சரி என்று உன்னிடம் சொன்னது பொய். போனில் என்றால் நடுவில் நீ அழுவாய், நான் வைத்துவிடுவேன், அதனால் எழுதுகிறேன்.

போன மாதம் எழுதியிருந்தாயே, வெங்காயத்தின் டி.என்.ஏ. மனிதனுடையதைவிட ஐந்து மடங்கு பெரியது, அளவு கூடினால் உசத்தி என்றோ குறைந்தால் மட்டம் என்றோ கிடையாது என்று. தம்பிக்குப் பிறவியிலேயே ஒரு குரோமோசோம் கூடுதல் என்பதை வைத்தும் அவனைக் கூட்டியோ குறைத்தோ பேசாதீர்கள் என்று கடைசியில் எழுதியிருந்தாய். முப்பது வருஷமாக வெங்காய மண்டி நடத்துகிறவனுக்கு இது போதாதா, தலைகால் புரியவில்லை எனக்கு. மண்டியில் எல்லோரும் டீ குடிக்கிற நேரத்தில் உன் கடிதத்தை உரக்கப் படித்தேன். வெங்காயம் பெரியது, தம்பிக்கு ஒன்று கூடுதல் என்று எனக்கு வேண்டிய பாதியை மட்டும் படித்தேன். உங்கள் எல்லோரையும்விட என் மகனுக்கு ஒன்று கூட இருக்கிறது, அதனால்தான் சாக்கைத் தொட்டே உள்ளே அழுகல் இருப்பதைச் சொல்கிறான், உங்களில் யாருக்கு முடியும் என்று மார் தட்டினேன். மண்டிக்கு வரும் அந்த நெட்டைத் தரகர், "அப்படிப் பாத்தா வெங்காயம்தானே நம்ம எல்லாருக்கும் பெரியவரு, உங்க புள்ள அதுக்குக் கீழதானண்ணே" என்று சிரித்தார். அத்தோடு விட்டிருந்தால் நானும் சிரித்திருப்பேன். அவர் தம்பியின் தாடையைப் பிடித்து, அழுகின வெங்காயம் ஒன்றை வாய்க்குள் திணித்து, "பெரியவரக் கும்புட்டு முழுங்குடா" என்றார். தம்பிக்கு மூச்சு முட்டிக் கண் பிதுங்கியது. மேசையிலிருந்த இரண்டு கிலோ எடைக்கல்லை எடுத்து நான் அவர் வாயிலேயே அடித்தேன். இரண்டாவது அடியில் தாடை நொறுங்கிய சத்தம் எனக்கே கேட்டது. அதற்குள் அவர் விழுந்துவிட்டார். விழுந்தவரின் தலையில் மூன்றாவதாக ஒன்று போட்டேன், அதற்கு மேல் விலாவில் மிதித்தேன். வெங்காயச் சருகெல்லாம் ரத்தம், நடுவில் பல். தம்பிக்காக அடித்தேன் என்று முதல் அடிக்குத்தான் சொல்ல முடியும், மற்றதெல்லாம் எனக்கு ஆசையாக இருந்தது.

போலீஸ் வரும்போது எடைக்கல் தம்பி கையில் இருந்தது. உனக்குத் தெரியுமே, எந்தச் சாமானையும் அவன் துடைத்து அதனதன் இடத்தில் வைக்காமல் விடமாட்டான். நான் கீழே போட்டதை எடுத்துத் தன் சட்டையால் ரத்தத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான். உன் மாமா என் காதில், "அத்தான், நீங்க வாயே தொறக்காதீங்க, அவன் அடிச்சதுன்னா கேஸ் நிக்காது" என்றான். இன்ஸ்பெக்டர், நீதான் அடித்தாயா என்று தம்பியைக் கேட்டார். அவன் என் முகத்தைப் பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன். அவன் தலையாட்டினான். இதுகளுக்கு ஏதோ ஒன்று கூடுதலாமே, அதுதான் இந்த மிருக பலம் என்று மண்டி ஆள் ஒருவர் சொல்ல, எல்லோரும் ஆமாம் போட்டார்கள். அந்தப் பேச்சை அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தானே. சாக்குக் கயிற்றால் அவன் கையைக் கட்டினார்கள். ஒரு காவலர் என் கண்ணெதிரே அவனை இரண்டு அறை அறைந்தார், உதடு கிழிந்தது. அப்போதும் நான் வாய் திறக்கவில்லை. நீ என்னைக் காறித் துப்பினாலும் தகும்.

தரகர் பிழைத்துவிட்டார், தாடையைக் கம்பியால் கட்டியிருக்கிறார்கள், இன்னும் பேச முடியாது. பார்த்தவர்கள் எனக்காக மழுப்புகிறார்கள். தம்பியை இப்போதைக்கு வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள், ஆனால் திங்கட்கிழமை விசாரணை. ஆபத்தானவன் என்று எழுதிவிட்டால் ஜன்னலுக்கெல்லாம் கம்பி போட்ட காப்பகத்தில் அடைத்துவிடுவார்களாம். மாமா இன்னமும், "கொஞ்ச நாள்தான், அவனுக்கு என்ன தெரியப்போவுது" என்கிறான். நேற்று மாமாவையும் அடிக்கக் கை ஓங்கினேன், அம்மா குறுக்கே வந்து நின்றாள்.

இன்று காலை தம்பிக்குச் சட்டை மாட்டிவிட்டேன். பொத்தான் போடும்போது அவன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்பா, நான் எப்பப்பா அவர அடிச்சேன்?" என்று கேட்டான். பொய் சொல்கிறாயா என்று கேட்கவில்லை, மகளே. நான் மறுக்காததால் அதை நம்பி, தனக்குத்தான் மறந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு கேட்டான்.

இதை ஒட்டியதும் ஸ்டேஷனுக்குப் போகிறேன். அடித்தது நான் என்று எழுதிக் கையெழுத்துப் போடுவேன். என்னை உள்ளே வைத்துவிடுவார்கள், வக்கீலுக்கென்று நீ அலையாதே, படிப்பை விட்டு ஓடி வராதே. தினமும் தம்பியிடம் போனில் பேசு, அது போதும். எந்தக் குறையும் அண்டாமல் நீ நெடுங்காலம் வாழ வேண்டும். ஒன்றை மட்டும் மறக்காதே: அவன் அடிக்கவில்லை என்று அவனுக்கு நம்பிக்கை வரும்வரை சொல்லிக்கொண்டே இரு. நான் இன்று ஒருமுறை சொன்னேன். இல்லப்பா, நான்தான் என்கிறான்.

இப்படிக்கு,
அடித்தவன்,
உன் அப்பா