என் தோலுக்குத் தினமும் எண்ணெய் வேண்டுமா?

அன்புள்ள அம்மாவுக்கு,

நடந்ததை மறைக்காமல் அப்படியே எழுதுகிறேன், பயப்படாதீர்கள். உங்கள் முழங்கால் வலி தேவலையா? தம்பி அழாமல் பள்ளிக்குப் போகிறானா?

விடுதிக்கு வந்ததிலிருந்து என் தோல் வெள்ளையாகச் செதில் விட்டு அரிக்கிறது. பக்கத்தில் படுக்கும் சோபனா, "இது சொறி நோய்டி, எங்களுக்கும் ஒட்டிக்கும்!" என்று தன் பாயைச் சுவரோரம் இழுத்துக்கொண்டாள். வார்டன், "நர்ஸ் பார்க்கட்டும். சொறின்னா வூட்டுக்குப் போயி, ஆறின பெறகு வா" என்றார். திங்கட்கிழமை அரையாண்டுத் தேர்வு. வீட்டுக்கு அனுப்பினால் அது போய்விடும்.

இன்று நர்ஸ் வந்து விரலிடுக்கையெல்லாம் விரித்துப் பார்த்தார்.

"என்ன சோப்புல குளிக்கிற?"

"துணி சோப்புங்க. சீக்கிரம் கரையாது."

சுற்றி நின்ற பிள்ளைகள் சிரித்தார்கள். நர்ஸ் சொன்னார்: "இங்க வர்றதே உப்புத் தண்ணி, அதுல துணி சோப்பு! உன் தோலு என்ன ஜமுக்காளமா? இது சொறி இல்ல, வறட்சி."

"அப்ப தினமும் க்ரீம் பூசணுங்களா?"

"எல்லாருக்கும் வேணாம். குளிச்ச பெறகு தோலு இழுத்துப் பிடிச்சா வேணும். உனக்கு இழுத்துப் பிடிக்குது. ஈரம் காயறதுக்குள்ள தேங்காயெண்ணெய் தடவு, போதும்."

தேர்வு எழுதலாம் அம்மா. எண்ணெயும் குளியல் சோப்பும் கொடுத்தனுப்புங்கள். முடிந்தால் நீங்களே கொண்டு வாருங்கள், முதுகுக்கு என் கை எட்டவில்லை.

இப்போது சோபனா தன் எண்ணெய்ப் பாட்டிலோடு வந்து, "திரும்புடி, முதுகைக் காட்டு" என்கிறாள். பாயை மட்டும் இன்னும் என் பக்கம் திரும்ப நகர்த்தவில்லை.

உங்கள் மகள்
சௌமியா

விளக்கை அணைக்கப் போகிறார்கள்.