எதையும் தொடாத பதினேழு நிமிடம்

ஜூலை 8, செவ்வாய்

மதியம் மூன்றாம் ஆண்டுக்கு லேப். ஏசி முனகிக்கொண்டே இருந்தது. அறுபத்து நான்கு கீபோர்டுகள் ஒன்றாகத் தட்டப்படும் சத்தம், கண்ணை மூடிக் கேட்டால் தகரக் கூரையில் தூறல் மாதிரி. நான் மூடித்தான் கேட்டேன் போலிருக்கிறது. யாரோ மூன்று முறை "மேடம்" என்று கூப்பிட்ட பிறகுதான் திரும்பி வந்தேன்.

இந்தப் பருவத்திலிருந்து மனப்பாங்கு மதிப்பெண்ணை நான் போடப் போவதில்லை. விடாமுயற்சி, ஆர்வம், பொறுப்பு, சேர்ந்து வேலை செய்வது என்று நான்கு, ஒவ்வொன்றும் பத்துக்கு. ஐந்து வருடமாக வகுப்பைப் பார்த்துப் பார்த்து நானே போட்டு வந்தேன். இனி ஏஐ போடும். யார் எத்தனை முறை தட்டினார்கள், எத்தனை முறை நிரலை ஓட்டிப் பார்த்தார்கள், உதவிக்கு இருக்கும் இன்னொரு ஏஐயிடம் என்ன கேட்டார்கள், எல்லாம் அதற்குத் தெரியும். சராசரி நாலுக்குக் கீழே போனால் கடைசி ஆண்டில் தொழிற்சாலைத் திட்டத்தில் இடம் கிடையாது. அந்த விதி மட்டும் பழையதுதான்.

லேப் அக்கா அதற்குப் பெயரே வைத்துவிட்டாள். "கை நின்னா போதும் மேடம், உடனே குறிச்சு வச்சுக்குது. சரியான மாமியார்." துறைத்தலைவரோ அதை என்னிடம் "உங்க குழந்தை" என்கிறார். இந்த மதிப்பெண் முறையைக் கொண்டுவந்தது நான் என்பதால்.

ஜூலை 10, வியாழன்

கெட்டிலில் தண்ணீர் வைக்காமலே சுவிட்சைப் போட்டுவிட்டு நின்றிருந்தேன். இவர் தன் மூக்குக்கண்ணாடிக் கடைக்குக் கிளம்பும்போது சொன்னது: "உன் பவர் எல்லாம் மாறல. ஆள்தான் வேற ஊர்ல இருக்க."

ஜூலை 15, செவ்வாய்

முதல் பட்டியல் வந்தது.

கடைசி வரிசையில், ஜன்னல் பக்கமாக உட்காரும் ஒரு பெண். வகுப்பில் அவளுக்கு 'ஜன்னல் சீட்டு' என்று பெயர். விடாமுயற்சி: பத்துக்கு இரண்டு. மாமியாரின் குறிப்பு: 'பதினேழு நிமிடம் எந்தச் செயலும் இல்லை. ஒரே வகுப்பில் மூன்று முறை.' சராசரி மூன்று புள்ளி ஒன்று.

அவளுக்கு முன்னால் உட்காரும் பையன் எக்ஸ்பிரஸ். அவனுக்கு ஒன்பது. நாற்பத்தொரு முறை ஓட்டியிருக்கிறான், நாற்பத்தொரு பிழைச் செய்தியையும் அப்படியே அள்ளி ஏஐயிடம் கொட்டியிருக்கிறான். வருவதை ஒட்டி, மறுபடி ஓட்டி. தளராத முயற்சிதான், யார் இல்லை என்றது.

இன்று வேண்டுமென்றே அவள் பக்கத்தில் போய் நின்றேன். எதிர்க் கட்டடத்து மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி, அதற்கு மேலே ஒரு மேகம். அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள். விரல் மட்டும் மேசையில் ஏதோ பெட்டி பெட்டியாக வரைந்தது. நானும் அந்த மேகத்தைப் பார்த்தேன். அது தொட்டியைத் தாண்டிப் போவதற்குள் நான் எங்கெங்கோ போய் வந்துவிட்டேன். பிறகு சட்டென்று தட்டும் சத்தம். இருபது வரி எழுதினாள், ஒரே தடவை ஓட்டினாள், ஓடியது. நான் நின்றதையே அவள் கவனிக்கவில்லை.

ஜூலை 16, புதன்

துறைத்தலைவரிடம் போனேன். அவர் கெட்டவர் இல்லை, எல்லாவற்றுக்கும் தாள் கேட்பவர்.

"மெஷின் சொல்றதுக்கு ஆதாரம் இருக்கு. நீங்க சொல்றதுக்கு?"

"நான் கண்ணால பாத்தேன் சார்."

"என்ன பாத்தீங்க?"

"அவ ஜன்னல் வழியா பாத்துட்டு இருந்தா."

அவர் சிரிக்காமல் இருந்ததே பெரிய விஷயம். ஆகஸ்ட் முதல் தேதி திட்டத்துக்கான பட்டியலில் கையெழுத்துப் போட வேண்டும் என்று நினைவுபடுத்தினார்.

ஜூலை 19, சனி

மழை. நாள் முழுக்க ஒன்றும் செய்யவில்லை. துணி காயாத வாசனையோடு வீடு மிதந்துகொண்டிருந்தது. விடாமுயற்சி என்றால் என்ன, எதை விடாமல் இருப்பது என்று யோசித்தபடியே சோபாவில் தூங்கிப்போனேன். கனவில் நானும் ஒரு பட்டியலில் இருந்தேன். எனக்கு எவ்வளவு என்று பார்ப்பதற்குள் விழிப்பு வந்துவிட்டது.

ஜூலை 22, செவ்வாய்

இந்த ஏஐயை அமைத்துக் கொடுத்த பொறியாளருக்குப் போன் செய்தேன். சண்டைக்குப் போவதாகத்தான் எண்ணம். சும்மா இருந்தால் சோம்பல் என்று இதற்கு யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டேன்.

"நீங்கதான் மேடம்" என்றார், வெகு சாதாரணமாக. "உங்க பழைய லேப் பதிவு, நீங்க போட்ட மார்க், ரெண்டையும் சேர்த்துக் குடுத்தோம். அஞ்சு வருஷம், முந்நூத்திப் பதினொரு பேர். நீங்க யாருக்கு எப்படிப் போடுவீங்கன்னு அது கத்துக்கிச்சு. தொண்ணூத்தி மூணு சதவீதம் உங்கள மாதிரியே போடுது."

அதைப் பாராட்டாகச் சொன்னார்.

போனை வைத்துவிட்டுப் பழைய தாள்களை எடுத்தேன். மூன்று. மூன்று. நான்கு. இரண்டு. பக்கத்தில் என் கையெழுத்தில் 'ஈடுபாடு குறைவு', 'கவனம் சிதறுகிறது'. தட்டிக்கொண்டே இருந்தவர்களுக்கெல்லாம் எட்டு, ஒன்பது. தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை. குழந்தை என்று அவர் சொன்னபோது எவ்வளவு பெருமையாக இருந்தது!

ஏன்டி இப்படிப் பண்ணின? நீயே அரை நாள் எங்கயோ பறந்துட்டு இருக்கறவ. உனக்கு அவங்களத் தெரியாதா? தெரியும். நல்லாத் தெரியும். அதான்.

கண்ணாடிக் கதவுக்கு வெளியே யாராவது நடந்தால் என் கை தானாக மௌஸைப் பிடிக்கும். இருபது வருடப் பழக்கம். யாரும் என்னைச் சும்மா இருப்பவள் என்று சொல்லிவிடக் கூடாது. சும்மா இருந்த பிள்ளைகளைப் பார்த்தால் எனக்குக் கோபம் வந்திருக்கிறது. பயந்தாங்கொள்ளியின் கோபம்.

அந்த ஐந்து வருடத்தில் திட்டத்துக்குப் போக முடியாமல் நின்றவர்களை எண்ணினேன். இருபத்து மூன்று பேர்.

ஜூலை 23, புதன்

யாரிடமும் சொல்லவில்லை.

ஜூலை 27, ஞாயிறு

இன்றும் இல்லை. சொன்னால் மதிப்பெண் முறை மொத்தமும் விழும், அதைக் கொண்டுவந்தவள் நான். நாளை சொல்லலாம் என்று நினைத்துக்கொண்டே ஜன்னல் திரை காற்றில் உப்புவதையும் அடங்குவதையும் பார்த்துக்கொண்டிருந்தேன். இவர் இரண்டு தடவை என்னவென்று கேட்டார். தலைவலி என்றேன்.

ஜூலை 29, செவ்வாய்

ஜன்னல் சீட்டு முன் வரிசைக்கு வந்துவிட்டாள்.

தட்டிக்கொண்டே இருந்தாள். இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை ஓட்டினாள். பிழை வந்தால் ஏஐயிடம் கொட்டினாள். முகத்தில் ஒன்றுமே இல்லை, பேருந்துக்குக் காத்திருப்பவர்களின் முகம். இந்த வாரம் விடாமுயற்சி எட்டு. நிரல் மட்டும் மகா மட்டம்.

வகுப்பு முடிந்ததும் நிறுத்திக் கேட்டேன். "என்னம்மா ஆச்சு?"

"எக்ஸ்பிரஸ்தான் சொல்லிக் குடுத்தான் மேடம். கை மட்டும் நிக்கக் கூடாதாம்."

"அப்ப யோசிக்கிறது?"

"லேப்ல யோசிச்சா மார்க் போகுது மேடம். அத ரூம்ல வச்சுக்கறேன்." பிறகு, தயங்கி: "இப்ப மூணு புள்ளி ஏழு வந்துருச்சு. வெள்ளிக்கிழமைக்குள்ள நாலு ஆகிடுமா மேடம்?"

ஆகாது. இன்னொரு வகுப்பே இல்லை. பார்க்கலாம் என்றேன்.

ஒரு வாரம் முன்னால் நான் வாயைத் திறந்திருந்தால் அவள் இருந்த இடத்திலேயே இருந்திருப்பாள்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

சொல்லிவிட்டேன்.

கூட்டத்தில் ஒன்பது பேர். பழைய தாள்களை மேசையில் பரப்பினேன். மாமியார் தவறு செய்யவில்லை, நான் செய்ததைத்தான் திருப்பிச் செய்கிறது என்றேன்.

துறைத்தலைவர் வெகுநேரம் தாள்களைப் புரட்டினார். "அப்போ அஞ்சு வருஷமா நீங்க போட்டது?"

"தப்பு சார்."

"பழைய வருஷத்தையெல்லாம் எதுக்குங்க கிளர்றீங்க" என்றார் மின்னணுவியல்காரர். "ஊமையா இருந்திருக்கலாம்." அக்கறையாகத்தான் சொன்னார்.

இந்த வருடத்துக்கு மனப்பாங்கு மதிப்பெண் கிடையாது. பாட மதிப்பெண்ணோடு, ஒவ்வொரு மாணவரைப் பற்றியும் ஆசிரியர் கையால் பத்து வரி எழுத வேண்டும். மூன்று வாரத்தில் புதுப் பட்டியல். மதிப்பெண் குழுவிலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள். அதில் வருத்தம் இல்லை என்று எழுத ஆசை. இருக்கிறது.

ஆகஸ்ட் 2, சனி

பதினொரு மணி நேரம் தூங்கினேன்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

லிஃப்ட் கணக்கு திருத்தினேன். ஆறு வருடமாகக் கொடுக்கும் பயிற்சி. நான்கு மாடி, ஒரே லிஃப்ட். முதலில் பொத்தானை அழுத்தியவரிடம் முதலில் போக வேண்டும். வழியில் காத்திருப்பவரைத் தாண்டிப் போகவும் கூடாது. இதற்கு நிரல் எழுது.

அறுபத்து மூன்று பேர் எழுதித் தந்தார்கள். எல்லாம் ஓடியது.

ஜன்னல் சீட்டு ஒரு வரி நிரல்கூடத் தரவில்லை. ஒரு தாள்தான். 'லிஃப்ட் கீழே நிற்கிறது. நாலாவது மாடிக்காரர் முதலில் அழுத்துகிறார், அப்புறம் இரண்டாவது மாடிக்காரர். இரண்டில் நின்றால் முதல் விதி போச்சு. நிற்காவிட்டால் அடுத்த விதி போச்சு. எதை விடலாம் என்று நீங்கள் சொன்னால் எழுதித் தருகிறேன்.'

நாலு தடவை படித்தேன். பிறகு மற்ற அறுபத்து மூன்றையும் திறந்தேன். ஏஐ ஏதோ ஒரு விதியைச் சத்தமில்லாமல் கைவிட்டிருக்கிறது. கைவிட்டது அவர்களுக்கும் தெரியாது, இத்தனை வருடம் மதிப்பெண் போட்ட எனக்கும் தெரியாது. சிரிப்பு வந்துவிட்டது. லேப் அக்கா எட்டிப் பார்த்தாள்.

அவளைப் பற்றிய பத்து வரிக்கு எனக்கு அரை நாள் ஆனது.

ஆகஸ்ட் 22, வெள்ளி

பட்டியல் ஒட்டினார்கள். அவள் இருக்கிறாள். எக்ஸ்பிரஸும்தான். அவன் கூட்டத்தோடு கலகலவென்று வேலை செய்பவன் என்று எழுதியிருந்தேன், அதுவும் உண்மைதான்.

அந்த இருபத்து மூன்று பேருக்கும் கடிதம் எழுதத் தொடங்கினேன். நான் உங்களைத் தவறாக மதிப்பிட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள் என்று. முகவரி கிடைத்தது பத்தொன்பது பேருக்கு.

செப்டம்பர் 9, செவ்வாய்

முதல் பதில் வந்திருக்கிறது. நான்கு வருடம் முன்னால் படித்தவன். விடாமுயற்சிக்கு மூன்று போட்டிருக்கிறேன். கடைசி வரிசை, கன்னத்தில் கை, அவ்வளவுதான் நினைவிருக்கிறது. அவன் எழுதியதை அப்படியே இங்கே எழுதி வைக்கிறேன்.

'மேடம், மன்னிப்பெல்லாம் எதுக்கு? நீங்க போட்ட அந்த மூணுதான் என்னை மாத்துச்சு. அன்னைலேர்ந்து என் கை நின்னதே இல்ல. இப்ப என் கீழ பதினாறு பேர் வேலை செய்யறாங்க. அவங்களையும் ஒரு நிமிஷம் சும்மா உக்கார விட மாட்டேன். எல்லாம் உங்களாலதான். ரொம்ப நன்றி மேடம்.'

காலையில் பதில் எழுத உட்கார்ந்தேன். இப்போது மணி நாலு. 'அன்புள்ள' என்பதற்கு மேல் எழுதவில்லை.